கல்லு நிக்கும், ஆச்சி நிக்க மாட்டாங்க: பழைய கோயில் கல்லறைத் தோட்டத்துக் கதைகள சேத்து வைக்கிறது எப்படி

எங்க ஊர் கோயில், அதாவது சர்ச்சு, கல்லறைத் தோட்டத்துல தெக்கு மூலையில ஒரு சின்ன மேடு இருக்கு. பேரு கிடையாது, வருஷம் கிடையாது, சுண்ணாம்பு பூசின மேடு அவ்வளவுதான். சின்னப் பிள்ளையில நாங்க அது மேல ஏறி விளையாடினா பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தங்க வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தே சத்தம் போடுவாங்க, மத்த கல்லறை மேல ஏறினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் சத்தம். ஏன்னு ஒரு நாளும் நான் கேக்கல. ஆச்சி போய் ரொம்ப வருஷம் ஆயிடுச்சு, இன்னிக்கு அந்த மேட்டுக்குள்ள யாருன்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.

அதுல இருந்து நான் பிடிச்சுக்கிட்ட வரிசை இது: முதல்ல ஆளு, அப்புறம் கோயில் ரிஜிஸ்டர், கடைசியிலதான் கல்லு. நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க, போன எடுத்துக்கிட்டு நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எல்லா கல்லையும் போட்டோ எடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு வந்துடுறாங்க, நானும் முதல் வருஷம் அப்படித்தான் பண்ணேன். கருங்கல்லு இன்னும் நூறு வருஷம் அங்கேயே நிக்கும். தொண்ணூறு வயசு ஆச்சி அடுத்த மழைக்காலம் வரைக்கும் இருப்பாங்களான்னு சொல்ல முடியாது.

யாரோட கதைய தேடணும்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. மிஷனெரி, பிஷப், கலெக்டர் இவங்களுக்கு நாம இல்லாட்டியும் ஆள் இருக்கு. 1706-ல தரங்கம்பாடி வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1719-ல இறந்து, முந்தின வருஷம்தான் பிரதிஷ்டை ஆன புது எருசலேம் ஆலயத்துக்குள்ளயே அடக்கம் ஆனாரு, அந்த மிஷன்காரங்களோட கடிதம் டைரி எல்லாம் ஜெர்மனியில ஹாலே ஊர்ல பத்திரமா இருக்கு. தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் ஐயர் (பாதிரியார நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம்) 1798-ல இறந்தப்ப சரபோஜி மகாராஜாவே அவருக்காக இங்கிலீஷ்ல பாட்டு எழுதினாரு. கால்டுவெல் ஐயர் 1891-ல கொடைக்கானல்ல இறந்தாரு, உடல அங்க இருந்து இடையன்குடிக்கு கொண்டு வந்து அவர் கட்டின கோயிலுக்குள்ளயே அடக்கம் பண்ணாங்க. அந்தக் கோயில கட்டி முடிக்க 33 வருஷம் ஆச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த 33 வருஷம் சுண்ணாம்பு அரைச்சது யாரு, கல்லு சுமந்தது யாரு, அவங்க எங்க படுத்திருக்காங்க? ஐயருக்குக் கீழ ஊர்ல ஜெபம் நடத்தின உபதேசியாரு, வீடு வீடா போய் பைபிள் சொல்லிக் குடுத்த பைபிள் உமன், போர்டிங் ஸ்கூல் டீச்சரு, காலராவுல ஒரே வாரத்துல போன குடும்பம், இவங்களுக்கெல்லாம் உலகத்துல மொத்தம் இருக்கிறது ஒரு மேடு, ரிஜிஸ்டர்ல ஒரு வரி, யாரோ ஒருத்தரோட ஞாபகம். முதல்ல காப்பாத்த வேண்டியது அவங்களத்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அனுமதி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்னா சேகரகுருவையும், அதாவது அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான ஐயரையும், கமிட்டியையும் பாருங்க, கத்தோலிக்கக் கோயில்னா பங்குத்தந்தை. வாயால கேட்டா மட்டும் போதாது, ஒரு பக்கம் கடிதமா எழுதி, என்ன பண்ணப் போறீங்க, எதத் தொட மாட்டீங்க, எடுத்த போட்டோவும் ரெக்கார்டிங்கும் எங்க வைப்பீங்கன்னு தெளிவா போட்டு கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க, ஏன்னா ஐயருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, அடுத்து வர்றவரு யாருப்பா நீங்கன்னு கேட்டா அந்தக் கடிதம்தான் பேசும். தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம்னா, பழவேற்காடு டச்சுக் கல்லறை மாதிரி, அங்க ஒரு செடியப் பிடுங்கணும்னாகூட அவங்க அனுமதி வேணும், பழைய சின்னங்கள பாதுகாக்க 1958 சட்டம் இருக்கு, விளையாட்டு கிடையாது. அங்க பாக்கலாம், படிக்கலாம், எழுதலாம், அதோட நிறுத்திக்கோங்க.

இப்ப ஆளுங்க. ஊர்லயே மூத்தவங்க பத்து பேரு பேர எழுதுங்க. கோயில்ல மணி அடிச்சவரு, குழி வெட்டினவரு, பழைய உபதேசியாரு வீட்டு அம்மா, இவங்கள கண்டிப்பா சேருங்க. குழி வெட்டினவருக்கு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லாத விஷயம் தெரியும், எந்த இடத்துல தோண்டினப்போ பழைய எலும்பு வந்துச்சு, எந்தக் குழிய மறுபடி மூடிட்டு தள்ளி வெட்டினாங்க, எந்தக் கல்லு ஒரு மழையில சாஞ்சு வேற இடத்துல நட்டு வச்சாங்கன்னு அவருதான் சொல்லுவாரு, அவர ஒருத்தரும் கேட்டிருக்கவே மாட்டாங்க.

வீட்டுல உக்கார வச்சு ஊர் வரலாறு சொல்லுங்கன்னு கேட்டா நீங்க என்ன எதிர்பாக்குறீங்களோ அதத்தான் சொல்லுவாங்க, எந்த மிஷனெரி வந்தாரு, எந்த வருஷம் கோயில் கட்டினாங்கன்னு ஆண்டு விழா மலர்ல இருக்கிறத ஒப்பிப்பாங்க. அதுக்கு பதிலா கல்லறைத் தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல, ஒரு பிளாஸ்டிக் சேர், தண்ணி, குடை. ஆச்சி, இங்க உங்களுக்கு யாரையெல்லாம் தெரியும், காட்டுங்கன்னு மட்டும் கேளுங்க. அவங்களா நடப்பாங்க. ஒரு கல்லு முன்னாடி நின்னா அந்த ஆளு ஞாபகத்துக்கு வர்றாரு, அவர் நடந்த நடை, அவருக்கு ஊர் வச்ச பட்டப்பேரு, அவர் செத்த அன்னிக்கு அடைமழையா இருந்து பெட்டியக் கொண்டு வர முடியாம பட்ட பாடு, எல்லாம் தன்னால வரும். நிக்காம தாண்டிப் போற கல்லறையையும் கவனிங்க, அங்கயும் ஏதோ இருக்கு, ஆனா அத அன்னிக்கே நோண்டாதீங்க.

எனக்கு நல்லா பலன் குடுத்த கேள்விங்க சில இருக்கு. அடக்க ஆராதனையில என்ன பாட்டு பாடினாங்க? பெட்டி செஞ்சது யாரு? துக்க வீட்டுக்கு யாரு சோறு கொண்டு வந்தாங்க? வெளியூர்ல இருந்து யாரு வந்து சேர லேட் ஆச்சு? செத்தவரு பொருள் ஏதாவது இன்னும் யார் வீட்டுலயாவது இருக்கா? கடைசிக் கேள்விதான் தங்கம், அப்படிக் கேட்டுத்தான் பழைய ஜெப புஸ்தகத்துக்குள்ள செருகி வச்ச சாவுக் கடிதம், குரூப் போட்டோ, ஞானஸ்நான சர்டிபிகேட்டெல்லாம் வெளிய வந்துச்சு. பழைய குடும்ப பைபிள் இருந்தா முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பாருங்க, பிறந்தது செத்தது எல்லாம் அங்கதான் எழுதி வச்சிருப்பாங்க.

ரெக்கார்டிங் போன்லயே பண்ணலாம். ஏர்பிளேன் மோட்ல போட்டுருங்க, நடுவுல கால் வந்து நல்ல பேச்சு கெட்டுப் போகும். காத்து சத்தம் பெரிய தொந்தரவு, போன சட்டைப் பையில போட்டா துணி உரசுற சத்தம் வரும், அதனால கையில பிடிச்சு அவங்க நெஞ்சுக்கு நேரா ஒரு முழம் தள்ளி வச்சுக்கோங்க. ஆரம்பத்துல தேதி, ஊரு, யாரு பேசுறாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க, ரெக்கார்ட் பண்றேன் ஆச்சி சரியான்னு கேட்டு அவங்க சரின்னு சொல்றதும் அதுலயே பதிவாகட்டும். அப்புறம் நீங்க வாய மூடிக்கணும். அவங்க பேச்ச நிறுத்தினதும் அடுத்த கேள்விய எடுத்து வீசாதீங்க, பத்து எண்ற வரைக்கும் இருங்க, நல்ல விஷயமெல்லாம் அந்த அமைதிக்கு அப்புறம்தான் வருது.

ஒரே ஆளப் பத்தி ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்லுவாங்க. எது சரின்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம். ரெண்டையும் எழுதி, இது இன்னார் சொன்னது, இந்தத் தேதியில சொன்னதுன்னு பக்கத்துல போடுங்க. தூக்கு போட்டு செத்தவங்க, கல்யாணத்துக்கு முன்னாடி பிள்ளை பெத்தவங்க, ஞானஸ்நானம் குடுக்குறதுக்கு முன்னாடி போன குழந்தைங்க, இதெல்லாம் வரும். ரெக்கார்ட் பண்ணி பத்திரமா வைங்க, ஆனா குடும்பத்துல உயிரோட இருக்கிறவங்க சம்மதம் இல்லாம வெளிய போடாதீங்க. அவங்களுக்கு அது வரலாறு கிடையாது, சொந்த வீட்டு வலி.

வருஷத்துல ஒரு நாள் இதுக்குன்னே இருக்கு, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பாம்பே, பெங்களூரு, கல்ஃப்ல இருந்தெல்லாம் லீவு போட்டு வந்து கல்லறைய கழுவி பூ போட்டு மெழுகுவத்தி ஏத்துவாங்க. அன்னிக்கு நீங்க ஒரு நோட்டோட நடந்தா போதும், ஒவ்வொரு கல்லறைகிட்டயும் யாரு நிக்கிறாங்கன்னு பாத்தாலே பாதி குடும்ப உறவு தெரிஞ்சுடும். மெழுகுவத்தி ஏத்தி ஜெபம் பண்ணிட்டு இருக்கிறப்போ போய் நிக்காதீங்க, முடிச்சுட்டு கிளம்புறப்போ பேர், ஊர், போன் நம்பர் மட்டும் வாங்கிக்கோங்க, ஒரு வாரம் கழிச்சு பேசுங்க. பூ வைக்க ஆள் வராத கல்லறை எதுன்னும் அன்னிக்குத்தான் தெளிவா தெரியும், அத தனியா குறிச்சுக்கோங்க, உங்க வேலை லிஸ்ட்ல அதுதான் மேல வரணும்.

அடுத்து ரிஜிஸ்டர். கோயில் பீரோவுல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு மூணு ரிஜிஸ்டர் இருக்கும். பழைய அடக்க ரிஜிஸ்டர்ல செத்த தேதி, அடக்கம் பண்ண தேதி, வயசு, என்ன வேலை, என்ன நோவு, யாரு ஆராதனை நடத்தினதுன்னு பல விஷயம் இருக்கும், கல்லறைக் கல்லு வாங்க காசு இல்லாதவங்க பேரும் அதுல இருக்கும், அதுதான் முக்கியம். பக்கத்த ஒவ்வொண்ணா புரட்டிப் படிங்க, பேர மட்டும் தேடி ஓடாதீங்க. ஒரே வாரத்துல ஏழு எட்டு அடக்கம் வந்தா அங்க நின்னு நோவு என்னன்னு பாருங்க, காலராவா இருக்கும். 1876-ல இருந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம், அந்த வருஷத்துப் பக்கங்க உங்க கோயில்ல இருந்தா மெதுவா படிங்க, கைக்குழந்தைங்க வயசு மாசக் கணக்குல வரிசையா வரும்.

இந்த ரிஜிஸ்டர ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வெள்ளக்காரங்க அடக்கத்துக்கு மெட்ராஸ் மாகாணத்துல இருந்து லண்டனுக்கு காப்பி போயிருக்கு, அது பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆபீஸ் ரெக்கார்டுல இருக்கு, நிறைய இப்ப ஆன்லைன்லயே தேடலாம். நம்ம ஆளுங்க பேரு பெரும்பாலும் அங்க கிடையாது. உங்க கோயில் பீரோவுல இருக்கிறது ஒரே ஒரு காப்பி, அத கரையான் தின்னா அதோட முடிஞ்சுது. அதனால சேகரகுரு அனுமதியோட, கோயில்லயே வச்சு, ஜன்னல் பக்கத்து வெளிச்சத்துல பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. வெளிய கொண்டு போகாதீங்க. செல்லோடேப் ஒட்டாதீங்க, லாமினேஷன் பண்ணாதீங்க, ரெண்டும் காகிதத்தக் கொல்லும். ஒட்டிக்கிட்ட பக்கத்த இழுக்காம அப்படியே விட்டுருங்க.

உங்க ஊர் எந்த மிஷன்னு தெரிஞ்சா இன்னும் ஒரு கதவு திறக்கும். பாளையங்கோட்டை, மெய்ஞ்ஞானபுரம் பக்கம் சி.எம்.எஸ்.ங்கிற இங்கிலாந்து மிஷன், அவங்க கடிதமெல்லாம் பர்மிங்காம் யுனிவர்சிட்டியில. நாசரேத், முதலூர், இடையன்குடி பக்கம் எஸ்.பி.ஜி.ங்கிற இன்னொரு இங்கிலாந்து மிஷன், அது ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரியில. நாகர்கோவில், நெய்யூர்னா லண்டன் மிஷன், லண்டன்ல எஸ்.ஓ.ஏ.எஸ்.ங்கிற காலேஜ் லைப்ரரியில. மதுரை அமெரிக்கன் மிஷன்னா ஹார்வர்டு. மிஷனெரிங்க அங்க அனுப்பின அறிக்கைகள்ல உபதேசியாருங்க பேரும் ஊர்ச் செய்தியும் வரும். சுருக்கமா ஒரு மெயில் போட்டு ஊர் பேரு, ஆள் பேரு, வருஷம் மூணும் குடுத்துக் கேளுங்க, ஊர் பேரோட பழைய இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எத்தனை விதமா இருக்கோ அத்தனையும் எழுதுங்க.

இப்பதான் கல்லுக்கு வர்றோம். முதல்ல ஒரு கிராஃப் பேப்பர்ல படம் போடுங்க, கோயில் சுவர், கிணறு, பெரிய மரம் இதெல்லாம் அடையாளமா வச்சு வரிசைக்கு ஒரு நம்பர், கல்லறைக்கு ஒரு நம்பர். போன் ஜி.பி.எஸ். மரத்தடியில பல அடி தள்ளிக் காட்டும், கிட்ட கிட்ட இருக்கிற கல்லறைக்கு அது போதாது. பேரு இல்லாத மேட்டுக்கும் நம்பர் குடுங்க. எங்க லிஸ்ட்ல அந்த தெக்கு மூலை மேடு இப்படித்தான் இருக்கு: வரிசை 6, கல்லறை 4, எழுத்து இல்ல, பேர் தெரியல, பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தங்க பிள்ளைங்கள இது மேல மட்டும் ஏற விட மாட்டாங்க. அவ்வளவுதான் தெரியும், அவ்வளவையும் எழுதி வச்சாச்சு.

சுத்தம் பண்றதுலதான் நல்ல மனசோட போய் பெரிய சேதம் பண்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். புதர எரிக்காதீங்க, சூட்டுல கல்லு வெடிக்கும், காரை உதிரும். சீமைக் கருவேலத்த தரை மட்டத்துக்கு வெட்டுங்க. கல்லறைக்குள்ள வேர் விட்ட அரசமரக் கன்ன பிடுங்கி இழுத்தா கல்லறையே பிளந்துக்கிட்டு வரும், வெட்டி மட்டும் விடுங்க. ஷூ போடாம உள்ள போகாதீங்க, பாம்பு தேளெல்லாம் அங்கதான் குடியிருக்கு. கல்ல கழுவ நல்ல தண்ணியும் மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷும் போதும். உப்புத் தண்ணி போர் இருக்கிற ஊர்ல குடிக்கிற தண்ணியக் கொண்டு போங்க, உப்பு கல்லுக்குள்ள இறங்கி காஞ்சதும் மேல்தோல உரிச்சுடும். கம்பி பிரஷ் வேண்டாம், ஆசிட் வேண்டாம், பிளீச்சிங் பவுடர் வேண்டாம், மார்பிள்னா எலுமிச்சம்பழம் வினிகர்கூட வேண்டாம், புளிப்பு எதுவா இருந்தாலும் மார்பிள அரிக்கும். தட்டினா பொத்துன்னு சத்தம் வர்ற கல்லு, பொறுக்கு பொறுக்கா உதிர்ற கல்லு, இதுகள தொடாதீங்க, போட்டோ மட்டும்.

நம்ம ஊர்ல இன்னொரு பிரச்சனை, வருஷா வருஷம் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடிச்சு அடிச்சு எழுத்து மூடிப் போயிருக்கும். சுண்ணாம்ப தண்ணியில ஊற வச்சு மூங்கில் குச்சியால மெல்ல எடுத்துப் பாருங்க, கல்லுல கோடு விழுற மாதிரி தெரிஞ்சா உடனே நிறுத்துங்க. எழுத்துக்குள்ள கறுப்பு பெயிண்ட் ரொப்பாதீங்க, தப்பா படிச்சு தப்பா ரொப்பினா அந்தத் தப்புதான் நூறு வருஷத்துக்கு நிக்கும். விரிசல்ல சிமெண்ட் பூசாதீங்க, பழைய சுண்ணாம்புக் காரைக்கு சிமெண்ட் சேராது, ஈரத்த உள்ளயே அடைச்சு வச்சு கட்டடத்த உப்ப வச்சுடும்.

தேஞ்ச எழுத்தப் படிக்க ஒரு முகம் பாக்குற கண்ணாடி போதும், நிஜமா சொல்றேன். கல்லு நிழல்ல இருக்கிறப்போ ஒருத்தர் கொஞ்சம் தள்ளி நின்னு வெயில கண்ணாடியில வாங்கி கல்லு மேல சாய்வா அடிக்கணும், எழுத்தோட பள்ளத்துல நிழல் விழுந்து அப்படியே எழும்பி வரும். கண்ணாடி இல்லாட்டி ராத்திரி டார்ச்ச கல்லோட ஓரத்துல ஒட்டி வச்சு பக்கவாட்டுல அடிங்க, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பழைய மார்பிள்ல ஈய எழுத்து பதிச்சிருப்பாங்க, ஈயம் விழுந்தோ திருடு போயோ இருந்தாலும் அது உக்காந்த பள்ளமும் ஓட்டையும் இருக்கும், அந்த ஓட்டைய வச்சே எழுத்தப் படிச்சிடலாம். மாவு தேய்க்கிறது, சாக்பீஸ் தேய்க்கிறது ரெண்டும் வேண்டாம்.

காப்பி எழுதுறப்போ கல்லுல எப்படி இருக்கோ அப்படியே, வரிக்கு வரி. எழுத்துப் பிழை இருந்தா பிழையோடவே எழுதுங்க. தெரியாத எழுத்துக்கு புள்ளி வைங்க, ஊகத்த தனியா ஓரத்துல எழுதுங்க. பழைய தமிழ்க் கல்லுல மெய்யெழுத்துக்கு புள்ளி இருக்காது, எகரம் ஏகாரம் ஒரே மாதிரி இருக்கும், றா னா லை னை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடி உள்ள வடிவத்துல இருக்கும், வயசான தமிழ் வாத்தியார் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. தமிழ் எண் வந்தா பயப்படாதீங்க, ௲௭௱௯௰௮ன்னு இருந்தா ஆயிரம், ஏழு நூறு, ஒம்பது பத்து, எட்டு, ஆக 1798. தெக்க கொல்லம் ஆண்டு (மலையாள வருஷக் கணக்கு) வரும், இங்கிலீஷ் வருஷம் கண்டுபிடிக்க அதோட ஆவணியில இருந்து டிசம்பர் வரைக்கும்னா 824, ஜனவரியில இருந்து ஆடி வரைக்கும்னா 825 கூட்டுங்க. பிரபவ வருஷம்னு மட்டும் இருந்தா அது 1867-ஆவும் இருக்கலாம் 1927-ஆவும் இருக்கலாம், அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு திரும்பி வரும், எதுன்னு முடிவு பண்ண ரிஜிஸ்டர்தான் வேணும். ரொம்பப் பழைய இங்கிலீஷ் கல்லுல இன்னொரு சிக்கல், 1752-க்கு முன்னாடி அவங்களுக்கு புது வருஷம் மார்ச் 25-லதான் பிறக்கும், அதனால ஜனவரி பிப்ரவரியில செத்தவங்களுக்கு கல்லுல உள்ள வருஷம் நம்ம கணக்குக்கு ஒண்ணு கம்மியா இருக்கலாம்.

கல்லு இருக்கிற இடத்துலதான் ஆளு இருக்காருன்னும் நம்பிடாதீங்க. சென்னை கோட்டைக்குள்ள 1680-ல பிரதிஷ்டை ஆன செயின்ட் மேரீஸ் கோயில சுத்தி தரையில பதிச்ச கல்லறைக் கல்லுங்க வரிசையா இருக்கு, ஆனா அவங்க அங்க அடக்கம் ஆகல. பழைய கல்லறைத் தோட்டம் இப்ப ஹைகோர்ட் இருக்கிற பக்கத்துல இருந்துச்சு, 1758-59 முற்றுகையில பிரெஞ்சுக்காரங்க அந்தக் கல்லறைங்க பின்னாடி மறைஞ்சு சண்டை போட்டாங்க, அதனால முற்றுகை முடிஞ்சதும் இங்கிலீஷ்காரங்க பெரும்பாலானத இடிச்சுட்டு கல்ல மட்டும் கோட்டைக்குள்ள கொண்டு வந்தாங்க. 1652-லயே செத்த எலிசபெத் பேக்கரோட கல்லும் அங்கதான் இருக்கு. உங்க ஊர்லயும் ரோடு போட, சுவர் கட்ட, புது கோயில் கட்டன்னு கல்லு இடம் மாறியிருக்கும், கேளுங்க. குடும்பக் கல்லறைய புதுசா கட்டுறப்போ பழைய கல்லத் தூக்கி சுவரோரம் போட்டிருப்பாங்க, அத அள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க.

ஊர் சொல்றதும் கல்லு சொல்றதும் வேற வேறயா இருந்தா ரெண்டையும் வைங்க, ஆனா எது எதுன்னு பிரிச்சு வைங்க. போப்பையர் கல்லறையில இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்னு எழுதியிருக்குன்னு நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்துல இருக்கிற அந்தக் கல்லுல அந்த வரி கிடையாது. அவர் 1908-ல இறந்தாரு, யுனிவர்சிட்டியில தமிழும் தெலுங்கும் சொல்லிக் குடுத்தவருன்னு கல்லுல இருக்கு, குடும்பத்தாரும் தென்னிந்தியாவுல உள்ள தமிழ் நண்பர்களும் சேந்து இந்தக் கல்ல வச்சாங்கன்னு இருக்கு. எனக்கு இந்த நிஜ வரிதான் இன்னும் நெருக்கமா இருக்கு, இங்க இருந்து யாரோ காசு சேத்து அவ்வளவு தூரம் அனுப்பி கல்லு வச்சிருக்காங்க இல்லையா.

கல்லே இல்லாதவங்களுக்கு என்ன பண்றது? டோனாவூர்ல பிள்ளைங்க இல்லம் நடத்தின மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1951-ல இறந்தாங்க, கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைங்க அங்க பறவைங்க தண்ணி குடிக்கிற தொட்டி ஒண்ணு வச்சு அம்மான்னு ஒரே ஒரு சொல்லு பொறிச்சாங்க. அது அவங்களா வேண்டாம்னு சொன்னது. நிறைய பேருக்கு அப்படி கிடையாது, கல்லு வைக்க காசு இல்ல, இல்லாட்டி வைக்க விடல. திருச்சி மேலப்புதூர் கல்லறையில சாதி பிரிச்சு நடுவுல சுவர் கட்டினது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அந்த மாதிரி சுவர் கண்ணுக்குத் தெரியாம நிறைய தோட்டத்துல இருக்கு, எந்த வரிசை யாருக்குன்னு ஊருக்குத் தெரியும். நீங்க படம் போடுறப்போ அந்தப் பக்கத்த விட்டுட்டு போட்டா நீங்களும் அந்தச் சுவருக்கு ஒரு கல்லு வைக்கிறீங்க. அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போங்க, அவங்க ஆச்சிகளையும் சேர் போட்டு உக்கார வைங்க.

பொம்பளைங்க கல்லறையில பாதிக்கு மேல இன்னார் மனைவி, இன்னார் தாயார்னுதான் இருக்கும். அவங்க சொந்தப் பேரும் பிறந்த ஊரும் கல்யாண ரிஜிஸ்டர்ல கிடைக்கும், தேடி எடுத்து எழுதுங்க. பாளையங்கோட்டையில 1785-ல ஒரு பொம்பளை கட்டின கோயில் இருக்கு, 1778-ல ஸ்வார்ட்ஸ் ஐயர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கின குளோரிந்தா அம்மா கட்டினது. ஊர்ல பாப்பாத்தி அம்மாள் கோயில்னு சொல்லுவாங்க. கல்லுல என்ன இருந்தாலும் இல்லாட்டியும், ஜனங்க வாயில அந்த அம்மா இருநூறு வருஷத்துக்கு மேல இருந்திருக்காங்க பாருங்க, இந்த மாதிரி வழக்குப் பேரையும் கட்டாயம் எழுதுங்க.

சேத்தத எப்படி வைக்கிறது? ஒருத்தருக்கு ஒரு பக்கம். மேல கல்லறை நம்பர், பேரு, பட்டப்பேரு, தேதி. கீழ கல்லு சொல்றது, ரிஜிஸ்டர் சொல்றது, ஆளுங்க சொன்னது, மூணும் தனித்தனியா, ஒண்ணோட ஒண்ணு கலக்காம. ஆச்சி சொன்னத அவங்க பேச்சுலயே எழுதுங்க, செந்தமிழ்ல மாத்தினா ஆளே மாறிடுறாங்க. யூனிகோட்லயே, அதாவது எந்தப் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறையில, டைப் பண்ணுங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஊர் ஊரா போட்ட நூற்றாண்டு மலரெல்லாம் அந்தக் காலத்து ஃபாண்ட்ல (எழுத்துருவுல) டைப் பண்ணி, இன்னிக்கு அந்த ஃபைல திறந்தா கோணல் மாணலா எழுத்து வருது, அச்சடிச்ச புஸ்தகம் மட்டும்தான் மிச்சம். போட்டோவ வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா சுருங்கிப் போய் எழுத்து மங்கும், டாக்குமெண்டா அனுப்புங்க. ஃபைல் பேர்லயே வரிசை நம்பர், கல்லறை நம்பர், தேதி மூணும் இருக்கட்டும். மூணு காப்பி, மூணு இடம்: ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு ஆன்லைன் டிரைவ், ஒண்ணு வெளியூர்ல இருக்கிற ஊர்க்காரர் யார்கிட்டயாவது. உயிரோட இருக்கிறவங்க போன் நம்பர், அட்ரஸ் இதெல்லாம் தனி ஃபைல்ல பூட்டி வைங்க.

அதோட கட்டாயம் பேப்பர்ல ஒரு பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி கோயில் வெஸ்ட்ரியில (ஐயர் அங்கி மாத்துற அறை) வைங்க, ஒவ்வொருத்தர் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் காலியா இருக்கணும். கூட ஒரு பேனா. நவம்பர் 2-க்கு முந்தின ஞாயிறு அத வெளிய எடுத்து வாசல் பக்கம் ஒரு மேஜையில வைக்கச் சொல்லுங்க, கல்லறைத் திருநாள் முடிஞ்ச மறுநாள் போய் காலிப் பக்கங்கள்ல யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு போட்டோ எடுத்துட்டு, எழுதினவங்கள தேடிப் போய் பாருங்க, ரெக்கார்டர ஆன் பண்ணிக்கிட்டு.